அம்மா முகம் நினைவுக்கு வரும் நேரம்: குடியை விடுபவர்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் குடும்பக் கூட்டம் நடக்கும். ஒன்பது வருடமாக அதை நடத்தி வருகிறேன். என் அப்பா பல வருடம் குடித்தவர். கடைசிப் பன்னிரண்டு வருடம் தொடாமல் இருந்தவர். இரண்டு அப்பாவையும் ஒரே வீட்டில் பார்த்து வளர்ந்தவள் நான்.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் மாத்திரை மருந்தைப் பற்றிக் கேட்பதைவிட வேறொன்றைத்தான் அதிகம் கேட்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் வருத்தப்படுவார்கள், சந்தோஷப்படுவார்கள் என்ற நினைப்பு ஒரு ஆளை எவ்வளவு தூரம் தடுத்து நிறுத்தும்? எவ்வளவு தூரம் உழைக்க வைக்கும்? திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தந்திருக்கிறேன். யார் என்று தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். குடியைப் பற்றியே அதிகம் இருக்கும். நடுவில் சர்க்கரை நோயும் பரிட்சையும் வரும், ஏனென்றால் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள்.

1. "அம்மா மூஞ்சிய நெனச்சாலே ஒருத்தன் குடிக்காம இருந்துருவானா அக்கா?"

சில நாள் இருந்துவிடுவான். அது எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன். சாயங்காலம் ஏழு மணிக்குக் கடைப் பக்கம் நிற்பவனுக்குக் குவார்ட்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கல்லீரல் கெடுவது பத்து வருடம் தள்ளி. மகள் கல்யாணத்துக்குப் பணம் இல்லாமல் போவது அதற்கும் தள்ளி. தூரத்து மலை சின்னதாகத் தெரிகிற மாதிரி, தள்ளி இருக்கிற கஷ்டமும் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் கதவைத் திறக்கும் அம்மாவின் முகம் இன்னும் அரை மணி நேரத்தில் வரப்போவது. அந்த முகம் எப்படி மாறும் என்பது அவனுக்கு அத்துப்படி. அதை இப்போதே பார்த்துவிட்டால், அரை மணி கழித்து வர வேண்டிய வலி இப்போதே வந்துவிடுகிறது. குடியின் சுகம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு பக்கத்தில் இதுவும் வந்து நிற்கிறது.

வள்ளுவருக்கு இது தெரிந்திருந்தது. கள்ளுண்ணாமை அதிகாரத்தின் மூன்றாம் குறளில் (923) பெற்ற தாயின் முகத்துக்கு எதிரிலேயே குடிமயக்கம் துன்பம் தரும், அப்படியிருக்கச் சான்றோர் முன் என்னவாகும் என்று கேட்கிறார். தாய் என்பவள் மகன் எதைச் செய்தாலும் மகிழ்பவள், அவள் முன்பே அப்படி என்பது பரிமேலழகர் உரை. வாசிக்கும்போதெல்லாம் ‘முகம்’ என்ற சொல்லில் நின்றுவிடுவேன். உடம்பு, காசு, நரகம் எதையும் அந்தக் குறளில் அவர் சொல்லவில்லை.

2. "இதுவும் பயம்தானே? போலீசுக்குப் பயப்படுற மாதிரி வீட்டுக்குப் பயப்படுறான்."

பயமும் உண்டு. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. போலீசு இல்லாத ரோட்டில் ஹெல்மெட் கழன்றுவிடும். அம்மாவை நினைத்து நிறுத்தியவன், அம்மா சொந்த ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். அப்போதும் தொடவில்லை என்றால் அவனைத் தடுத்தது மாட்டிக்கொள்வோம் என்ற பயம் கிடையாது, அவளுக்கு வலிக்கும் என்ற நினைப்பு.

மனதைப் பற்றி ஆராய்கிறவர்கள் இதையே வேறு விதமாகப் பிரிக்கிறார்கள். ‘நான் செய்த காரியம் தப்பு, இன்னாரை நோகடித்துவிட்டேன்’ என்பது குற்ற உணர்வு. ‘நானே கேவலமானவன்’ என்பது அவமானம். அமெரிக்க ஆய்வாளர் ஜூன் டாங்னி பல வருடம் இதில் வேலை செய்தார். சிறையில் இருந்தவர்களைப் பின்தொடர்ந்து 2014-இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவில், குற்ற உணர்வு கொள்ளும் இயல்புள்ளவர்கள் வெளியே வந்தபின் மீண்டும் குற்றம் செய்வது குறைவாக இருந்தது. அவமானத்துக்கு அப்படி நேரடியான நல்ல பலன் இல்லை. அவமானப்படுகிறவன் பழியை அடுத்தவர் தலையில் போடவோ ஒளிந்துகொள்ளவோ பார்ப்பான். எங்கள் கூட்டத்தில் நான் பார்ப்பதும் அதேதான். "அவ மனசு நொந்துருச்சு" என்பவன் அடுத்த வாரமும் வருவான். "எனக்கு வெளியே தல காட்ட முடியல" என்பவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

3. "சின்னப் பிள்ளைங்களுக்கு இந்தப் புத்தி இருக்கா, இல்ல வளர்ந்தப்புறம்தான் வருமா?"

மூன்று நாலு வயதிலேயே இருக்கிறது. 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் வால்டர் மிஷெல் தொடங்கிய சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு மிட்டாயை முன்னால் வைத்துவிட்டு, ‘நான் திரும்பி வரும்வரை தொடாமல் இருந்தால் இன்னொன்றும் உண்டு’ என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாக வந்தார்கள் என்று வெகுகாலம் பேசப்பட்டது. 2018-இல் சுமார் 900 பிள்ளைகளின் விவரத்தை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியளவே தெரிந்தது, குடும்பச் சூழலைக் கணக்கில் சேர்த்ததும் இன்னும் மெலிந்துபோனது. இதற்கிடையில் சீனாவில் செய்து 2020-இல் வெளியான சோதனையில், ‘நீ எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று உன் டீச்சருக்குச் சொல்வோம்’ என்றதும் மூன்று நாலு வயதுப் பிள்ளைகள் கூடுதல் நேரம் காத்திருந்தார்கள். டீச்சர் அந்த அறையில் இல்லவே இல்லை. டீச்சர் என்ன நினைப்பார் என்பது மட்டும் அங்கே இருந்தது.

குடிக்கிற அப்பாக்களிடம் நான் தவறாமல் சொல்வது வேறொரு சோதனையை. 2013, அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகம், 28 பிள்ளைகள். மிட்டாய் வைப்பதற்கு முன்பே, ‘கொஞ்சம் இரு, நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டு வருகிறேன்’ என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பிள்ளைகளிடம் ‘மன்னிச்சுக்க, இல்லை’ என்று வெறுங்கையோடு வந்தார். அப்புறம்தான் மிட்டாய். சொன்னபடி நடந்த பெரியவரிடம் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் மூன்று நிமிடம்தான்.

"வரும்போது புரோட்டா வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு வெறுங்கையோடு வரும் அப்பாவின் பிள்ளைக்குக் காத்திருப்பதில் என்ன லாபம்? கிடைக்கிறபோதே பிடுங்கிக்கொள்வதுதான் அந்த வீட்டில் புத்திசாலித்தனம். பிள்ளைக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று யாரும் அவனைத் திட்டக் கூடாது. நானும் தம்பியும் அப்படித்தான் இருந்தோம். அப்பா நிறுத்தி இரண்டாம் வருடத்தில்தான் தம்பி தின்பண்டத்தை ஒளித்துவைப்பதை விட்டான்.

4. "வேதனப்படுவாங்கன்னு நெனைக்கிறது நல்லதா, பெருமப்படுவாங்கன்னு நெனைக்கிறது நல்லதா?"

இரண்டுக்கும் வேலை உண்டு. ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் பெருமையைச் சொல்வேன். 2009-இல் வெளியான ஒரு ஆய்வில் ஆட்களுக்கு முன்னால் சாக்லேட் கேக்கை வைத்தார்கள். தொடாமல் இருந்தால் எவ்வளவு பெருமையாக இருக்கும் என்று சிலரை நினைக்கச் சொன்னார்கள், தின்றுவிட்டால் எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று சிலரை நினைக்கச் சொன்னார்கள். பெருமையை நினைத்தவர்களே நன்றாகக் கட்டுப்படுத்திக்கொண்டார்கள். காரணம் சுலபமாகப் புரிகிறது. வெட்கத்தை நினைக்க வேண்டுமானால் கேக்கைத் தின்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மனம் கேக்குப் பக்கமே போய் உட்கார்ந்துகொள்கிறது.

கூட்டத்தில் இதை நான் இப்படிக் கேட்பேன்: "குடிச்சுட்டுப் போனா வீட்டுல எப்படி இருக்கும்னு சொல்லுங்க." எல்லாரும் பத்து நிமிடம் பேசுவார்கள், துல்லியமாகப் பேசுவார்கள். அப்புறம் கேட்பேன்: "குடிக்காமப் போனா?" அறை அமைதியாகிவிடும். "சந்தோசமா இருப்பாங்க" என்று ஒருவர் சொல்வார். எப்படி என்று கேட்டால் தெரியாது. பல பேருக்கு அந்தக் காட்சி மனதில் இல்லவே இல்லை. பார்த்தே வெகு நாளாகியிருக்கும். இல்லாத காட்சி எப்படி ஒரு ஆளைத் தடுக்கும்? அதனால் அதைக் கட்டி எழுப்புவதுதான் எங்கள் முதல் வேலை. ஒரு ஆட்டோ ஓட்டுநர் நாலாவது வாரம் வந்து, "நேத்து நான் வந்தப்ப எங்க அம்மா எந்திரிக்கல அக்கா, படுத்தபடியே ‘வந்துட்டியா’ன்னுச்சு, திரும்பித் தூங்கிருச்சு" என்றார். பதினாறு வருடமாக அவர் வரும்வரை விழித்துக் கிடந்த அம்மா அவர். தூங்கும் அம்மா என்ற அந்த ஒரு காட்சியைத்தான் அவர் அப்புறம் பல மாதம் கையில் பிடித்திருந்தார்.

மகனைச் சான்றோன் என்று ஊர் சொல்லக் கேட்டால் பெற்ற பொழுதைவிடத் தாய் அதிகம் மகிழ்வாள் என்ற குறளையும் (69) முதல் கேள்வியில் சொன்ன குறளையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஒரே அம்மாவின் இரண்டு முகம்.

5. "மாலை போட்டா 48 நாள் சொட்டு தொட மாட்டான். கழட்டுன அன்னிக்கே கடைக்குப் போறான். இது என்ன கூத்து?"

கார்த்திகை மாதம் வந்தால் கூட்டத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இதைக் கோபமாகக் கேட்கிறார்கள். எனக்கோ இதில் நம்பிக்கை தெரிகிறது. அந்த ஆளால் முடியும் என்று ஒரு மண்டலம் முழுக்க நம் கண்ணெதிரே காட்டியிருக்கிறானே.

அந்த நாட்களில் என்னென்ன இருக்கின்றன என்று யோசியுங்கள். விரத காலம் 41 நாள் என்றும் 48 நாள் என்றும் கணக்கு வைக்கிறார்கள், எப்படியும் முடிவு தெரியும். கறுப்போ நீலமோ காவியோ உடுத்தியிருப்பதால் தெருவில் பார்க்கிற எவருக்கும் அவன் விரதத்தில் இருப்பது தெரியும். டீக்கடைக்காரர் முதல் பெற்ற அம்மா வரை அவனை ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள். நேற்றுவரை "குடிகாரப் பய" என்று கேட்ட காதில் இன்று ‘சாமி, சாப்பிட்டீங்களா’ என்று விழுகிறது. பொண்டாட்டி விடியற்காலையில் குளித்துத் தனியாகச் சமைக்கிறாள். நாலாம் கேள்வியில் சொன்ன அந்தப் ‘பெருமை முகம்’ ஒரு நாளைக்கு முப்பது தடவை அவனுக்குக் காட்டப்படுகிறது. கடவுள் பயம் பங்கு வகிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சுற்றியிருக்கும் மனிதர்கள் மாறிவிடுவதும் பெரிய பங்கு.

மாலை கழன்றதும் இது அத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. கூப்பிடும் பெயர், உடை, சாப்பாடு, சேர்ந்து பஜனை பாடும் கூட்டாளிகள் எல்லாம். மிஞ்சுவது பழைய கூட்டாளிகள். அதனால் மாலை கழற்றும் முன்பே ஏற்பாடு செய்துவிடச் சொல்கிறோம்: மையத்துக்கு வரவேண்டிய தேதி, கோயில் குழுவில் தொடர்ந்து ஒரு வேலை, வீட்டில் அதே நேரத்துச் சாப்பாடு. கயிறு கட்டிக் குடியை விடுகிறவர்களுக்கும் இதே யோசனைதான்.

6. "என் தல மேல கை வச்சு சத்தியம் பண்ணுனான். மூணா நாள் குடிச்சுட்டான். அப்ப எம்மேல பாசமே இல்லையா?"

அம்மா, பாசம் இருக்கிறது. சத்தியம் செய்த நிமிடத்தில் அவன் பொய் சொல்லவும் இல்லை. உங்கள் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு, வயிறு நிறைந்து, நடுக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது செய்த சத்தியம் அது. மூன்றாம் நாள் சாயங்காலம் வேறு உடம்பு. தினமும் நிறையக் குடித்தவருக்கு மூளையும் நரம்பும் சாராயத்துக்குப் பழகியிருக்கும், அது கிடைக்காவிட்டால் உடம்பே அடித்துக் கேட்கும். பாசம் அந்த நேரத்தில் எதிர்த்து நிற்க வேண்டியது ஆசையை மட்டும் கிடையாது, ஒரு நோயையும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல வருடம் தினமும் குடித்தவரைச் சத்தியம் வாங்கித் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். முதல் சில நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பும், ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் மேற்பார்வையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணுக்கோ, தமிழ்நாட்டில் 104-க்கோ கூப்பிடலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் கிளாஸ் உள்ளே போனபின் உங்கள் முகம் அவன் கண்ணுக்குத் தெரியாது. போதை ஏற ஏற மனம் எதிரில் இருப்பதை மட்டுமே பிடித்துக்கொள்ளும், தள்ளி இருப்பது மறைந்துபோகும். 1990-இல் ஸ்டீல், ஜோசஃப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கிட்டப்பார்வைக் கோளாறுக்கு ஒப்பிட்டார்கள். நாணம் என்னும் நல்லவள் குடிப்பவனுக்கு முதுகைக் காட்டிப் போய்விடுவாள் என்று, முதல் கேள்வியில் சொன்ன குறளுக்கு அடுத்த குறளே (924) சொல்கிறது. ஆகவே உங்கள் முகம் வேலை செய்ய வேண்டிய நேரம் முதல் கிளாசுக்கு முன்பு.

7. "நான் ஒடைஞ்சு போயிருவேன்னுதான் மறைக்கிறாரு. அதுவும் பாசத்துலதானே மேடம்?"

பாசத்தில் தொடங்குகிறது, உண்மை. ஆனால் மனைவி வருந்துவாள் என்ற நினைப்புக்கு இரண்டு வாசல் உண்டு: குடிக்காமல் இருப்பது ஒன்று, குடித்தது தெரியாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது சுலபம். பாக்கு, ஏலக்காய், ‘ஓவர்டைம்’ என்று ஒரு பொய். அவள் வருந்தவில்லை என்பதால் அவர் மனதும் குத்துவதில்லை. தடையாக இருந்த ஒரே கதவும் திறந்துவிடுகிறது.

ஒரு நாள் வழுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசிவைக்கச் சொல்வது இதற்காகத்தான். ‘சொன்னால் வீடு இரண்டாகும்’ என்று தெரிந்தால் எவரும் சொல்லமாட்டார். ஒரு தடவை தவறிவிட்ட பிறகு ‘எல்லாம் போச்சு, இனி என்ன’ என்று முழுதாக விழுவதை ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ‘எல்லாம் போச்சு’ வந்துவிடாமல் இருக்க, உண்மையைச் சொன்ன அன்று மட்டும் சண்டை கிடையாது என்று ஒரு ஒப்பந்தம் போதும். வருத்தத்தை மறைக்க வேண்டியதில்லை. "கஷ்டமா இருக்கு, சொன்னதுக்கு நல்லது, நாளைக்கு டாக்டரைப் பார்ப்போம்" என்று சொன்னால் போதும்.

8. "நான் அழுதா நிறுத்துவாரா? அழாம இருந்தா நிறுத்துவாரா? எதச் செய்யட்டும்?"

அழுகை வந்தால் அழுங்கள், அதை ஆயுதமாக மட்டும் எடுக்காதீர்கள். தினமும் அழுதால் அது வீட்டின் சத்தங்களில் ஒன்றாகிவிடும். அவருக்கும் ‘எப்படியும் அழத்தான் போறா’ என்று ஆகிவிடும். குடித்தாலும் அழுகை, குடிக்காவிட்டாலும் பழைய கணக்கு என்றால் உங்கள் உணர்ச்சியை அவர் எதிர்பார்ப்பதில் அர்த்தமே இல்லாமல் போகிறது. குடிக்காமல் வந்த நாளும் குடித்து வந்த நாளும் உங்கள் முகத்தில் வேறு வேறாகத் தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய ஒரு குடும்பப் பயிற்சி இதை முறையாகக் கற்றுக்கொடுக்கிறது. குடிக்காத நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள், பேசுங்கள், பிடித்ததைச் சமையுங்கள், சந்தோஷத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். குடித்திருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம், விலகிவிடுங்கள். அவர் லீவுக்கு நீங்கள் போன் செய்து பொய் சொல்லாதீர்கள். 1999-இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கே வரமாட்டேன் என்றவர்களைக் குடும்பத்தார் எந்த வழியில் அழைத்து வர முடிந்தது என்று ஒப்பிட்டார்கள். இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லாரும் கூடி உட்கார்ந்து முகத்துக்கு நேரே கேட்கும் முறையில் 30 சதவீதம். வீட்டார் தங்கள் மனதை மட்டும் தேற்றிக்கொள்ளும் முறையில் 13 சதவீதம். நான் பார்த்த மனைவிகளுக்கு இதில் கஷ்டமான பாகம் சந்தோஷத்தைக் காட்டுவதுதான். "எத்தனை வருசம் என்னைய அழ வச்சாரு, ஒரு நாள் குடிக்காததுக்கு நான் சிரிக்கணுமா?" என்று கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. சிரிக்க முடியாத நாளில் சிரிக்க வேண்டாம்.

அடி விழும் வீட்டில் இந்த யோசனை எதுவும் பொருந்தாது. அங்கே முதல் வேலை உங்கள் உயிரும் பிள்ளைகளும். பெண்கள் உதவி எண் 181.

9. "சுகருக்கு நான் எதுக்குக் கவலப்படணும்? எங்க வீட்டுக்காரி எல்லாத்தையும் பாத்துக்குவா."

இவர் குடிப்பவர் இல்லை, தம்பியைக் கூட்டி வந்த அண்ணன். ஆனால் நல்ல கேள்வி. நம்மை நேசிப்பவரின் நினைப்பு சில சமயம் நம் கையை இறுக்குவதற்குப் பதில் தளர்த்திவிடுகிறது. கணவனோ காதலனோ தன் உடல்நலத்துக்கு எப்படி உதவுகிறார் என்று யோசிக்க வைக்கப்பட்ட பெண்கள், அதற்காகத் தாங்கள் எடுக்க நினைத்த முயற்சியைக் குறைத்துக்கொண்டதாக 2011-இல் ஒரு ஆய்வு வந்தது. ‘அவள் பார்த்துக்குவாள்’ என்பதும் ‘அவளுக்காகப் பார்த்துக்கணும்’ என்பதும் கேட்க ஒன்றுபோல் இருக்கும், கல்யாண வீட்டில் ஜாங்கிரி முன்னால் வரும்போது பிரிந்துவிடும்.

10. "என் பையன் நீட்டுக்குப் படிக்கிறான். அப்பா படுற கஷ்டத்த நெனச்சுப் படிடான்னு சொல்றது தப்பா?"

அப்பாவின் கஷ்டம் அவனுக்குத் தெரிவது தப்பில்லை. சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே பலம். 1999-இல் ஷீனா அய்யங்கார், மார்க் லெப்பர் இருவரும் சான் பிரான்சிஸ்கோவில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த வேலையை நன்றாகச் செய்தார்கள், அம்மா தேர்ந்தெடுத்தது என்றதும் சுணங்கினார்கள். ஜப்பான், சீன வம்சாவளிப் பிள்ளைகள் ‘உன் அம்மா தேர்ந்தெடுத்தது’ என்றபோதுதான் மிக நன்றாகச் செய்தார்கள். அவர்களுக்கு அம்மாவின் விருப்பம் வெளியிலிருந்து வந்த கட்டளையாகப் படவில்லை. நம் வீடுகளை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஆனால் நீங்கள் சொல்வதைப் பிள்ளை எப்படிக் கேட்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘நீ ஜெயிச்சா எங்களுக்குச் சந்தோஷம்’ என்பது ஒன்று. ‘ஜெயிச்சாத்தான் நீ எங்க பிள்ளை’ என்று அவன் காதில் விழுந்தால் அது வேறு. தேறினால்தான் பாசம் என்று உணர்ந்து வளர்ந்தவர்கள் வேலையைச் செய்துவிடுகிறார்கள், ஆனால் உள்ளுக்குள் ஒரு கட்டாயத்தோடும் பெற்றோர் மேல் கசப்போடும் செய்கிறார்கள் என்று 2004-இல் அசோர், ராத், டெசி மூவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மார்க் குறைந்த நாளில் அவன் முதலில் நினைப்பது உங்கள் முகத்தைத்தான். அந்த முகத்தை எதிர்கொள்ள முடியாது என்று பிள்ளைகள் உயிரை விட்ட செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். அதனால் ரிசல்ட் வரும் முன்பே, இன்றைக்கே, "என்ன மார்க் வந்தாலும் வீட்டுக்கு வா, சேர்ந்து சாப்பிடுவோம்" என்று வாய்திறந்து சொல்லிவிடுங்கள். மனசுக்குள் இருப்பது அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். அவன் ஒடுங்கிப்போயிருந்தால், விபரீதமாக ஏதாவது பேசினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

11. "அப்பாவ நெனச்சா எனக்குக் கோவம்தான் வருது. குடிக்கணும்னு இன்னும் தோணுது."

அப்படியானால் அவரை நினைக்காதீர்கள். அடக்கி ஆளும் ஒருவரின் நினைப்பு அவர் விரும்புவதற்கு நேர்மாறாக நடக்கத் தூண்டும் என்று 2007-இல் ஒரு ஆய்வு சொன்னது. அப்படிப்பட்டவரின் பெயரைக் கண்ணிமைக்கும் நேரம் காட்டிச் செய்த சோதனை அது. அந்த வகைச் சோதனைகள் பல, திரும்பச் செய்தபோது அதே முடிவைத் தரவில்லை, அதனால் அதை மட்டும் நம்பி இதைச் சொல்லவில்லை. வாரந்தோறும் கண்ணால் பார்க்கிறேன். யாரை நினைத்தால் மூச்சு இலகுவாகிறதோ அவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். அது அத்தையாக, பழைய முதலாளியாக, முன்பே குடியை விட்ட நண்பராக இருக்கலாம்.

12. "எங்க அம்மா போய்ச் சேந்துருச்சு. இனி யாருக்காக இருக்கணும்?"

இதைக் கேட்டவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "எங்க அம்மா செத்து இருவது வருசம். தெனம் சாயங்காலம் அதுகிட்ட கணக்கு ஒப்பிக்கிறேன் தம்பி." நம்மை நேசித்தவர் என்ன உணர்வார் என்பது நமக்குள் பதிந்துவிட்ட ஒன்று, அதற்கு அவர் உயிரோடு இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு ஆபத்தும் உண்டு: இறந்தவரின் முகம் மன்னிக்காது என்று சிலர் தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள். அம்மா கடைசியாகக் கோபமாகப் பேசிய நாளையே பிடித்துக்கொள்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது எத்தனை தடவை மன்னித்தார் என்பதையும் அதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

13. "தனக்காக நிறுத்துனாத்தான் நிலைக்கும்னு டாக்டரு சொல்றாரு. நீங்க குடும்பத்துக்காகன்னு சொல்றீங்க. எது சரி?"

டாக்டர் சொல்வது சரி. ஆனால் ‘தான்’ என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. பத்தாம் கேள்வியின் அந்தப் பிள்ளைகளைப் போல, நம்மில் பலருக்குத் தன் விருப்பத்தையும் வீட்டார் விருப்பத்தையும் கத்தி வைத்துப் பிரிக்க முடியாது. நான் பார்க்கும் வித்தியாசம் வேறு: அந்த முகத்தை யார் வரவழைக்கிறார்கள்? ‘என்னைய நெனச்சுப் பாத்தியா’ என்று வெளியிலிருந்து திணித்தால் அவன் முறுக்கிக்கொள்கிறான். அவனே கடை வாசலில் நின்று வரவழைத்துக்கொண்டால் அது அவனுடையது. என் அப்பா முதல் வருடம் எங்களுக்காகத்தான் நிறுத்தினார், நாங்கள் கெஞ்சியதால். மூன்றாம் வருடம் காலையில் எழுந்து தெளிவாகப் பேப்பர் வாசிப்பது தனக்கே பிடித்திருக்கிறது என்றார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வர அவருக்கு இரண்டு வருடம் ஆனது. முதல் வருடக் காரணம் மட்டம் என்று சொல்லித் தள்ளியிருந்தால் மூன்றாம் வருடம் வந்திருக்காது.

14. "சரி, சாயங்காலம் ஆறு மணிக்கு நான் என்னதான் செய்யணும்? அத மட்டும் சொல்லுங்க."

முகம் தானாக வரும் என்று காத்திருக்காமல் அதற்கு ஒரு இடமும் நேரமும் குறித்துவிடுங்கள். ‘இன்ன இடத்துக்கு வந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது, ‘இனிமேல் கட்டுப்பாடாக இருப்பேன்’ என்ற பொதுவான உறுதியைவிட நன்றாக வேலை செய்யும் என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியிருக்கிறார். ஒரு கொத்தனார் வைத்திருந்தது இது: "சித்தாள் கூலி கொடுத்து முடிச்சதும், பைக்குல ஏறுறதுக்கு முன்னாடி, வீட்டுக்குப் போன் போட்டு ‘என்ன வாங்கிட்டு வரணும்’னு கேப்பேன்." அவ்வளவுதான். தக்காளியோ பாலோ எதையாவது மனைவி சொல்வார். அந்தக் குரல் கேட்ட பிறகு வண்டி வேறு பக்கம் திரும்புவது கஷ்டம். பசியோடும் கை நிறையக் கூலியோடும் கடை வழியாக வராதீர்கள். சனிக்கிழமைக்குத் தனியாக யோசித்து வையுங்கள்.

15. "அவங்க இப்படித்தான் நெனைப்பாங்கன்னு நானா நெனைக்கிறேன். அது தப்பா இருந்தா?"

பல சமயம் தப்பாகத்தான் இருக்கிறது. ஒருவர் தன் பத்து வயது மகள் தன்னை நினைத்து வெட்கப்படுகிறாள் என்றே நம்பினார். பள்ளிக்கூடத்துப் பக்கமே போவதில்லை. அந்த வெட்கத்தை நினைத்து இன்னும் குடித்தார். குடும்பக் கூட்டத்தில் மகளிடம் கேட்டோம். அவள் சொன்னது வெட்கத்தைப் பற்றியே இல்லை. "அப்பா பைக் தெருவுல வரும்போது சத்தத்தக் கேப்பேன். மெதுவா வந்தா குடிக்கல. தாறுமாறா வந்தா அம்மாகிட்டப் போய்ப் படுத்துக்குவேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இப்போது தெருமுனைக்கு வந்ததும் ஒரு தடவை ஹாரன் அடிக்கிறார். அவள் கதவைத் திறந்து வைக்கிறாள்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள். பகல் நேரத்தில், சாப்பிட்ட பிறகு, ஒரே ஒரு கேள்வி: "நான் குடிச்சுட்டு வர்ற அன்னிக்கு உனக்கு எப்படி இருக்கும், குடிக்காம வர்ற அன்னிக்கு எப்படி இருக்கும்?" அவர்கள் சொல்லி முடிக்கும்வரை ‘இனிமே செய்ய மாட்டேன்’ என்று குறுக்கே பேசாதீர்கள்.